குதிக்கும் பொத்தான்

ஓசூர் தொழிற்பேட்டை அருகே நான் குடியிருந்த வரிசை வீடுகளில், அடுத்த அறையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வசித்தார். மெலிந்த தேகம், எந்நேரமும் கம்பெனிச் சட்டை. பிரஸ் இயந்திரம் அவருடைய வலக்கைக் கட்டைவிரலை எடுத்துக்கொண்ட பின் வேலையும் இல்லாமற்போயிற்று. மாலைதோறும் டிவியில் பழைய வீடியோ கேம் ஒன்றை மாட்டி ஆடுவார். திரையில் ஒரு சிறு மனிதன் பெட்டிகளைத் தள்ளி அடுக்கி, அவற்றின் மேல் ஏறிக் குதித்துக் கதவை அடைய வேண்டும்.

"ஃபேக்டரியில பெட்டி தள்ளினது பத்தலையாப்பா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அங்க சம்பளம் குடுத்தாவ அண்ணாச்சி, இங்க சும்மா தள்ளுதேன்" என்று சிரித்தார். பிறகு, "இதுல பெட்டியத் தப்பா தள்ளிட்டாலும், அந்த ரூம விட்டு வெளிய போயி உள்ள வந்தா எல்லாம் பழையபடி இருக்கும். அதுக்காவத்தான் ஆடுதேன்" என்றார்.

குதிக்கும் பொத்தான் கேம் ரிமோட்டின் வலப்பக்கம், கட்டைவிரலுக்கென்றே இருந்தது. எஞ்சிய விரலொன்றை வளைத்து அதைத் தொடுவதற்குள் சிறு மனிதன் பள்ளத்தில் விழுந்துவிடுவான். விளையாட்டின் கடைசி அறையில் அவர் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லும்போது இத அமுக்குதியளா அண்ணாச்சி?"

அருகே அமர்ந்தேன். முதன்முறை தாமதித்துவிட்டேன்.

"பரவால்ல, வெளிய போயிட்டு வருவோம்" என்றார்.

மறுமுறை சரியாக அழுத்தினேன். சிறு மனிதன் தாவினான், கதவு திறந்தது. மகிழ்ச்சியோடு அவர் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. பொத்தான் மேலிருந்த என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.