தகட்டை வளைத்தது யார்

ஒலீட்டா க்ராப்ட்ரீ யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். அது பிறவிக் குணம் என்பான் அவள் கணவன் டாய்ல். வேலை கொடுத்த குணம் என்பாள் அவள். மிசூரியின் தெற்கு மலைப்பக்கத்தில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்துக்காக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவள். பன்றிப் பண்ணைக்காரர் முதல் பாதிரியார் வரை, ஊரில் கௌரவமாக நடமாடிய பலருடைய மீட்டர் முத்திரையும் கழன்று, திரும்ப ஒட்டவைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். குளிர்ந்த தேநீரை நீட்டி, "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்று உபசரித்தவர்கள் வீட்டில்தான் மீட்டர் மெதுவாக ஓடியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் பக்கத்துப் பண்ணை ஹாய்ட் பில்லிங்ஸ்லியின் கொட்டகையில் மரம் அறுக்கும் இயந்திரம் திருட்டுப்போனது. அந்த வாரமே ஒலீட்டா நகரத்துக்குப் போய் ஒரு சின்ன ரிவால்வர் வாங்கினாள். கட்டைவிரல் மூட்டு வலியால், அவசரத்தில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியின் உருளையில் பொருத்த அவளால் முடியாது. இந்த ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. பூப்போல வெட்டிய ஒரு மெல்லிய எஃகுத் தகட்டில் ஐந்து தோட்டாக்களையும் முன்கூட்டியே செருகி வைத்துக்கொள்ளலாம். மூன் கிளிப் என்பார்கள். உள்ளே போனால் ஐந்தும் ஒன்றாகப் போகும், வெளியே வந்தாலும் ஒன்றாக வரும். ஒரு தொந்தரவு, அந்தத் தகடு சுலபமாக வளைந்துவிடும். துளி வளைந்தாலும் உருளை சுற்றாமல் முரண்டு பிடிக்கும். அதனால் தோட்டாக்களைத் தகட்டிலிருந்து கழற்ற அவள் விரலை வைப்பதே இல்லை. அதற்கென்று ஒரு குழாய்க் கருவி வாங்கி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமைகளில் ஊருக்கு வெளியே பழைய கல் குவாரியில் துப்பாக்கிச் சங்கத்தார் கூடிக் குறிபார்த்துச் சுடுவார்கள். முடிந்ததும் லாரியின் பின்பலகையை இறக்கி, பீன்ஸும் சோளரொட்டியும் வைத்துச் சாப்பிடுவார்கள். சங்கத்தைப் பார்த்துக்கொள்பவர் மெர்ல் டாக்கெட். ஒரு வியாழன் ஒலீட்டா இரண்டு குண்டு சுட்டாள். மூன்றாவதற்கு விசை அசையவில்லை. மெர்ல் அவள் கிளிப்பை வாங்கி, தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, லாரிக் கண்ணாடிமேல் படுக்கவைத்துப் பார்த்தார். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"யாரோ கையால பிடுங்கியிருக்காங்க, ஒலீட்டா."

"நான் கையால பிடுங்கறதில்ல."

"அப்போ வேற யாராவது பிடுங்கியிருப்பாங்க. தகடு தானா வளையாது."

ஒலீட்டா கிளிப்பைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டாள். சோளரொட்டிகூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். அந்தக் கிளிப் எந்நேரமும் துப்பாக்கிக்குள்ளேயே கிடப்பது. துப்பாக்கி நடைக்கூடத்து அலமாரியின் மேல் இழுப்பறையில் இருப்பது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இழுத்து, உருளையின் பின்னிடுக்கில் தோட்டாக்களின் பித்தளை மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவாள்.

முதல் சந்தேகம் ஹாய்ட்மேல் போனது. ஒலீட்டாவும் டாய்லும் வெளியூர் போனால் நாய்க்குச் சோறு போட அவனிடம் ஒரு சாவி இருந்தது. அந்த மரம் அறுக்கும் இயந்திரம் உண்மையிலேயே திருட்டுப்போனதா, அதைச் சாக்காக வைத்து வீட்டுக்கு வீடு நோட்டம் விட்டானா என்றுகூட யோசித்தாள்.

ஞாயிறு காலை ஒரு புதுக் கிளிப்பில் தோட்டாக்களைச் செருகினாள். தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒரு தோட்டாவின் அடியிலிருந்து தகடுவரை மயிரிழைபோல ஒரு கோடு இழுத்தாள். மீட்டருக்கு முத்திரை வைத்த அதே கை. தோட்டாவைத் திருகி எடுத்தால் கோடு அறுந்துபோகும்.

தேவாலயம் போய்த் திரும்பியதும் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. அன்று மாலை சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தபோதும் இருந்தது. திங்கள் காலை அறுந்திருந்தது. இடையில் அந்த வீட்டுக்குள் வெளியாள் யாரும் வரவில்லை.

அப்படியானால் டாய்ல்.

டாய்ல் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். சாப்பிட்டதும் பின்பக்கப் பட்டறைக்குப் போய்விடுவான். அதிர்ந்து பேசாதவன். அந்தச் சாந்தம் இப்போது அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. மனைவியின் துப்பாக்கியிலிருந்து ஒருவன் தோட்டாவைக் கழற்றுவான் என்றால், அவள் கையில் அது வெறுமையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறான். எப்போது? யார் வரப்போகிறார்கள்? கொஞ்ச நாளாக அவன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ப் பேசுவதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவன், பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டிமேல் குழம்பு ஊற்றித் தட்டை நீட்டினான். அவன் முதல் வாய் விழுங்கும்வரை அவள் தன் தட்டைத் தொடவில்லை.

"என்ன, உப்பு ஜாஸ்தியா?"

"சூடா இருக்கு."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் குளிக்கப் போவதாகச் சொல்லி, குழாயைத் திறந்துவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள். செருப்பில்லாமல் நடைக்கூடத்துக்கு வந்தாள். டாய்ல் இழுப்பறை முன்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு நின்றான். கையில் கிளிப். நகத்தால் ஒரு தோட்டாவை நெம்பிக்கொண்டிருந்தான். எடுத்த இடத்தில், சட்டைப்பையிலிருந்து ஒரு காலித் தோட்டாவைச் செருகினான். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது.

"டாய்ல்."

அவன் பதறவில்லை. கிளிப்பை அலமாரிமேல் வைத்தான்.

"எத்தன நாளா?"

"பனிப்புயல் வந்துச்சே, அதுலேருந்து. ராத்திரி சாப்பிட்டதும் அஞ்சையும் மாத்திடுவேன். பட்டறையிலேருந்து வந்ததும் திரும்பப் போட்டுடுவேன்."

"எதுக்கு?"

"நான் பின்கதவு வழியா வீட்டுக்குள்ள வரணுமில்ல, அதுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. கரண்ட் போயிருந்த அந்தப் பனிப்புயல் வாரத்தில், விறகோடு உள்ளே வந்த டாய்லை நோக்கி அவள் துப்பாக்கி நீட்டியது உண்மைதான். குவாரியில் அதைக் கதையாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறாள். டாய்லும் பக்கத்தில் நின்று சிரித்தான்.

"அது இருட்டு. யாருன்னு தெரியல."

"நான் என் பேரைச் சொன்னேன், ஒலீட்டா. ரெண்டு தடவ சொன்னேன். உனக்குக் கேட்டுச்சு. கேட்டதுக்கப்புறமும் நீ துப்பாக்கிய இறக்கல. 'கூட யாரு இருக்கா'ன்னு கேட்டே."

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் போய் மூடிவிட்டு வந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, இவன் ஏன் துப்பாக்கிய எடுக்கச் சொல்றான்னு யோசிப்பே."

யோசித்திருப்பாள். "முற்றத்துல போய்ப் போன் பேசறியே, அது யார்கிட்ட?"

"உன் தங்கச்சி நடீன்கிட்ட. நீ முன்னாடியிருந்தே இப்படித்தானான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"தொட்டில்லயே இப்படித்தானாம். யாராவது பால்புட்டிய நீட்டினா மொதல்ல அவங்க மூஞ்சியப் பாப்பியாம்."

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனைப் பற்றி இத்தனை நாள் என்னென்ன நினைத்தாள் என்று அவனிடம் சொல்லவில்லை. குழம்பு விஷயத்தைச் சொல்லவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் சாப்பிட்டவன், தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தான் என்பதே அவள் நெஞ்சில் நின்றது. திருடனுக்குப் பயந்து அவள் வாங்கிய துப்பாக்கி அவனை மட்டும்தான் பயமுறுத்தியிருந்தது.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவள் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்து, உருளையைத் திறந்து, கிளிப்பை ஐந்து தோட்டாக்களோடு அப்படியே வெளியே தள்ளினாள்.

"இனிமே இப்படி மொத்தமா எடுத்து பின்கதவுப் பக்கத்து ஜன்னல்ல வச்சிட்டுப் போ. ஒண்ணொண்ணாப் பிடுங்கித் தகட்டைக் கெடுக்காதே."

"நீ தனியா இருக்கும்போது காலியாவா இருக்கணும்?"

"நீ பட்டறையில இருக்கற வரைக்கும்."

அப்படியே செய்தார்கள். ஆரம்பத்தில் அவளுக்கு அது பிடிக்கவில்லை. சரளைப் பாதையில் எந்த வண்டி வந்தாலும் கண் ஜன்னலில் கிடக்கும் கிளிப்புக்குப் போகும். ஒருமுறை கிளிப்பைக் கையில் எடுத்தும்விட்டாள். வந்த வண்டி வழி தவறி, திரும்பிப் போனது. ஹாய்டின் சாவியை அவள் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அவன் வந்து போன நாட்களில் இழுப்பறைகளை ஒருமுறை திறந்து பார்ப்பதையும் விடவில்லை.

டாய்ல் பட்டறையிலிருந்து திரும்பும்போது இப்போதும் உடனே உள்ளே வருவதில்லை. பின்படியில் நின்று, "நான்தான், தனியாத்தான் வரேன்" என்பான். கிளிப் ஜன்னலில் கிடப்பது கண்ணாடி வழியே தெரியும், இருந்தாலும் நிற்பான். அவள் "வா" என்று குரல் கொடுத்த பிறகுதான் கைப்பிடியைத் திருகுவான். அப்படி நிற்கவேண்டாம் என்று சொல்ல அவள் பலமுறை நினைத்ததுண்டு. அந்தக் குரல் கேட்டால்தான் அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.