இருபத்து நாலு கதவு, ஒரு தாழ்ப்பாள்

கட்டட காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊருக்கெல்லாம் கதவு போட்டுக் கொடுப்போம், நாம் ஒதுங்க ஒரு கதவு இருக்காது.

மூட்டைக்குப் பின்னால் சத்தம்

கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் இருட்டிவிட்டது. மிக்சர் நின்றதும், ஸ்டோருக்குள்ளிருந்து 'உஸ்... புஸ்... உஸ்... புஸ்...' என்று ஒரு சத்தம். வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் டார்ச்சும் கழியுமாக வந்துவிட்டார்.

சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் இருந்தது நான்தான். அந்த சைட்டின் ஸ்டோர் கீப்பர். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கையால் அழுத்துகிற பம்பில் தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஏழு மாதம். கருவேப்பிலங்குறிச்சியில் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். பவுடர் பால் கொடுத்தால் குழந்தை துப்பிவிடுகிறாள். பகலில் ரெண்டு தடவை எடுக்காவிட்டால் எனக்குப் பால் வற்றிவிடும். வற்றினால் வேலையை விட வேண்டியதுதான். விட எனக்கு மனசில்லை.

"அண்ணே, நான்தான், உள்ள வராதீங்க!" என்று அலறினேன். அவர் சட்டென்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "பாம்புன்னு நெனச்சேன் தாயி. பாம்பா இருந்தா அடிச்சிருப்பேன், இதுக்கு நான் என்னா செய்யறது?"

கடைசி வாரத்துச் சாமான்

நாங்கள் கட்டுவது என்ன தெரியுமா? செராமிக் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களுக்கான விடுதி. மொத்தம் இருபத்து நாலு பாத்ரூம். எல்லாவற்றுக்கும் கதவு மாட்டியாகிவிட்டது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: தாழ்ப்பாளைக் கட்டடம் ஒப்படைக்கும் கடைசி வாரம்தான் அடிப்பார்கள். முன்னாலேயே அடித்தால் திருடு போகும், சிமெண்ட் பட்டு இறுகிவிடும் என்பார்கள். அதுவரைக்கும் எந்தக் கதவும் ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும்.

அத்தனை தாழ்ப்பாளும் ஒரு சாக்கில், என் பொறுப்பில், என் பூட்டுக்குள். கதவைத் தட்டாமல் நுழையக்கூடாது என்று கான்வெண்டில் சிஸ்டர்கள் எனக்குப் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்காமல் ஒரு பொருளைத் தொடக்கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ரெண்டையும் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

சித்தாள் வேலைக்குத் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வரும் அஞ்சலை அக்காதான் அந்தச் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சாக்கு நெறைய தாழ்ப்பாள வெச்சிக்கிட்டு மூட்டைக்குப் பின்னால ஒளியறியே மேடம், படிச்சவங்கல்லாம் இப்புடித்தானா?"

மகளிர் தினக் கோப்பை

எங்கள் கம்பெனியில் சலுகையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மகளிர் தினத்தன்று முதலாளி நேரிலேயே வந்தார். சைட்டில் இருக்கிற பதினோரு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு பீங்கான் கோப்பை கொடுத்தார். உள்ளூர்ச் சரக்கு, பூப் போட்டது, நன்றாகவே இருந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தார்.

எங்கள் பெண்கள் காலையில் வீட்டில் ஒதுங்கிவிட்டு வந்தால், அடுத்தது சாயந்திரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த்தான். அதற்காக மத்தியானம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உங்களில் பலருக்கும் அந்த அடிவயிற்று வலி தெரிந்திருக்கும். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அஞ்சலை அக்கா சொன்னாள்: "குடிக்கறதுக்குக் குடுத்தவரு, குடிச்சிட்டு எங்க போறதுன்னும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

நல்ல வெளிச்சம்

மூட்டைக்குப் பின்னால் தூசி தாங்கவில்லை என்று, தரைத்தளத்தில் கடைசி பாத்ரூமுக்கு இடம் மாறினேன். கதவுக்கு வெளியே அஞ்சலை அக்கா நிற்பாள். ஒரு நாள் அவளை மேஸ்திரி ஜல்லி தூக்கக் கூப்பிட்டுவிட்டார். நான் ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்தபடி பம்பை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்க சார், ஜன்னல் வெச்சதால எவ்ளோ வெளிச்சம்!" என்று சொல்லிக்கொண்டே சைட் இன்ஜினியர் கதவைத் தள்ளினார். பின்னால் விடுதியின் உரிமையாளரும் அவரோடு வந்த ரெண்டு பேரும். கால் வழுக்கிவிட்டது. துப்பட்டாவை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினேன். பாட்டில் கவிழ்ந்து, எடுத்ததெல்லாம் புது டைல்ஸில் ஓடியது.

அதற்கப்புறம் ரெண்டு நாள் பம்பை வைத்தாலே நெஞ்சு படபடக்கும், பால் இறங்காது. ராத்திரி மகள் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழுதாள். இன்ஜினியரிடம் கேட்டேன், "ஒரு தடவ தட்டியிருக்கலாமே சார்?" அவர் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பூட்டாத கதவத் தட்டணும்னு எனக்கென்ன மேடம் தெரியும்?"

குடும்பம்

முதலாளியிடமே போனேன். ஸ்டோர் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரே ஒரு தாழ்ப்பாள், ஒரே ஒரு கதவு, பெண்கள் எல்லோருக்குமாக என்று கேட்டேன்.

"இது கம்பெனி இல்லம்மா, குடும்பம்" என்றார்.

"எந்தக் குடும்பத்துல சார் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல?"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் பயம். "கடைசி வாரம்னா கடைசி வாரந்தான். முடியலன்னா வூட்டுல இருந்து புள்ளைய வளத்துட்டு வாம்மா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஒரு சீட்டு

மறுநாள் காலையில் ஸ்டோரைத் திறந்ததும் சாமான் வழங்கும் சீட்டை எடுத்தேன். பொருள்: தாழ்ப்பாள், ஒன்று. வாங்குபவர்: என் பெயர். கொடுப்பவர்: அதுவும் என் பெயர். காரணம் என்ற இடத்தில் 'பால்' என்று எழுதி, ரெண்டு கையெழுத்தும் போட்டேன். திருடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வேலை போனாலும் அதுவே சாட்சி.

தரைத்தளத்துக் கடைசி பாத்ரூம் கதவில் ஸ்க்ரூவை முறுக்கியது அஞ்சலை அக்கா. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் அமைந்தது. வெளியே மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். செய்தி எட்டி இன்ஜினியரும் ஓடிவந்தார். "யாரு பர்மிஷன் குடுத்தது? மேடம், வெளிய வாங்க! முதலாளிக்குப் போன் போடறேன்!"

அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். வெளியே அஞ்சலை அக்காவின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது: "தட்டுங்க சார். உள்ள ஆளு இருக்குது."

அவர் போன் போட்டாரா, நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். இருபத்து நாலு கதவு போட்ட கம்பெனியில் முதல் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டவள் நான்.