கறுப்புக்கு அடியில்

வீட்டு வாசலில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, பெட்ரோல் டேங்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக்கு அடியிலிருந்து கத்தரிப்பூ நிறம் வந்தது. எனக்குச் சட்டென்று ஏழு வயதாகிவிட்டது.

"என்ன கலரு அடிக்கட்டும்?" என்று அப்பா கேட்டதற்கு, அம்மா தன் சின்னாளப்பட்டிச் சேலையைக் கொடுத்தாள். பெயிண்ட் கடைக்குச் சேலையோடு போனார் அப்பா. தெருவே சிரித்தது. ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு அம்மா அதே சேலையில் பின்னால் உட்கார்ந்து போனாள். தலைமையாசிரியர் ஆனதும் அப்பா கௌரவம் பார்த்துக் கறுப்படித்தார். அன்றிலிருந்து அம்மா பூசைக்கு டவுன் பஸ்ஸில்தான் போனாள்.

"அம்மா, செத்த இங்க வாயேன்."

வந்தவள் டேங்கைத் தடவிப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய் அந்தச் சேலையோடு திரும்பினாள்.

"இந்தாடி, கடைக்காரன்ட்ட இதக் காட்டு. உங்கப்பாட்ட மட்டும் கேக்காத."