துபாயிலிருந்து வந்த மெமரி

ரோவெலினைப் போல் பயந்தவள் எங்கள் மரிக்கினாவில் இன்னொருத்தி இருந்தால் கூட்டி வந்து காட்டுங்கள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். மழை இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தால் ஆறு எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது என்று பத்துப் பேரிடம் கேட்பாள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் ஒருமுறை கழுத்தளவு தண்ணீர் வந்து போயிருக்கிறது. ஆனால் அந்த வருஷம் அவளைப் படுத்தி எடுத்தது வெள்ளமில்லை. ஒரு சாண்கூட நீளமில்லாத பச்சை நிற மெமரிப் பலகை.

புருஷன் விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். வெளிநாட்டுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்காகப் போனில் பேசும் வேலைதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. தொற்றுக் காலத்தில் கம்பெனி அலுவலகத்தையே காலி செய்துவிட்டு, இனி வீட்டிலிருந்துதான் வேலை என்றது. சொந்தமாகக் கணினி இருக்க வேண்டும், அதில் மெமரி பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது. அவகாசம் முடியும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலக ஆள் இணையம் வழியாக உள்ளே வந்து பார்ப்பான். கணினி தயாராக இல்லாதவர்கள் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

மதர்போர்டு, கணினிப் பெட்டி, பிராசசர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்திருந்தாள். மெமரி மட்டும் வாங்கவில்லை. அதைத் துபாயிலிருந்து அண்ணன் நெஸ்டோர் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தான். பெரிய பெரிய கணினிகள் வரிசையாக நிற்கும் ஒரு கூடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை அவனுக்கு. பழைய கணினிகளைக் கழித்துக் கட்டியபோது மேற்பார்வையாளர், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். நெஸ்டோர் தன் கையாலேயே நான்கு மெமரிப் பலகைகளைக் கழற்றி, காலுறைக்குள் ஒவ்வொன்றாகச் சுருட்டி, சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வைத்துப் பெட்டி கட்டினான். கப்பலில் அது வந்து சேர இரண்டு மாசம் ஆயிற்று. அந்த இரண்டு மாசமும் ரோவெலின் கப்பல் முழுகிவிடுமோ என்று வேறு பயந்தாள்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமைதான் பெட்டி வந்தது. ஞாயிறு காலை வீடியோவைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினாள். அண்ணனின் மெமரி இரண்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினாள். இரண்டும் டக்கென்று உட்கார்ந்தன. சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளிருந்து மூன்று முறை நீளமாகக் கூவியது.

மதர்போர்டை எரித்துவிட்டோம், வேலை போயிற்று, பிள்ளைகள் கதி என்ன என்று அவள் மனசு ஒரே ஓட்டமாக ஓடியது. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ரயிலேறிக் கணினிக் கடைகள் நிறைந்த கில்மோர் போனாள். அங்கே கணினிக் கடை ஒன்றில் பழுது பார்க்கும் மாயெட் என்பவள் மெமரியை ஒரு திருப்புத் திருப்பினாள்.

"மேடம், இது வெளிநாட்டுலேர்ந்து பெட்டில வந்ததா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மாசத்துக்கு ரெண்டு பேராவது இதத் தூக்கிட்டு வர்றாங்க. நடுவுல பாருங்க, ஒரு சில்லு தனியா உக்காந்திருக்குல்ல? இது சர்வர் மெமரி, பெரிய கம்பெனிக் கணினிக்குப் போடுறது. உங்க போர்டுல அழகா உக்காரும், ஆனா வாயத் தொறக்காது."

"போர்டு எரிஞ்சிருக்குமா?"

"அதெல்லாம் எரியாது. வேண்டாதது வந்துச்சு, வேண்டாம்னு கத்துச்சு. அவ்வளவுதான்."

"அண்ணனோடது ஒண்ணு, வேற ஒண்ணு, ரெண்டையும் சேத்துப் போட்டா?"

"போட்டுறாதீங்க. அது பக்கத்துல இருந்தா நல்லதும் சேந்து படுத்துக்கும்."

மாயெட் மதர்போர்டின் பெயரைப் பார்த்து, எந்தெந்த மெமரி அதோடு ஒத்துப்போகும் என்ற பட்டியலைத் திரையில் திறந்தாள். அலமாரியில் இருந்தவற்றின் எண்களைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டு, கறுப்பாக ஒன்றை எடுத்தாள். பதினாறு ஜிபியில் பொருந்துவது அந்த ஒன்றுதான் கடையில் மிச்சம். அங்கேயே மாட்டிக் காட்டினாள். திரை விழித்துக்கொண்டது. ரோவெலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து மேசையில் எடுத்து வைத்தபோது நெஸ்டோரிடமிருந்து செய்தி வந்திருந்தது: "படம் எங்கடி?"

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்ததைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவது எங்கள் ஊரில் மீற முடியாத வழக்கம். சட்டை இறுக்கமாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒருமுறை ரோவெலினின் சித்தி கனடாவிலிருந்து பனிக்காலணி அனுப்ப, ஏப்ரல் வெயிலில் குடும்பமே அதை மாறி மாறிப் போட்டுக்கொண்டு படம் எடுத்தது. இதில் நெஸ்டோர் வேறு எப்படிப்பட்டவன்? அவள் படிக்க வேண்டும் என்று தன் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேறியவன். அண்ணனை அவள் குயா என்றுதான் கூப்பிடுவாள். குயா, நீ அனுப்பினது உதவாது என்று அவனிடம் எந்த வாயால் சொல்வாள்?

கணினிக்கு இன்னும் மின்வயர் மாட்டாத அந்த நேரத்தில், அண்ணனின் மெமரியில் ஒன்றை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து அழுத்தினாள். கடையில் வாங்கிய கறுப்பு தெரியாதபடி கையால் மறைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். பதில் உடனே வந்தது. அறையில் எல்லாருக்கும் காட்டிவிட்டானாம். அதைப் பார்த்து ரோமெல் என்ற நண்பன் தன் மனைவிக்கு நான்கு எடுத்துப் பெட்டி கட்டுகிறானாம். ரோவெலின் அதை இரண்டு முறை படித்தாள். அதே நேரம் அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவசரமாகக் கணினிப் பெட்டியின் தகட்டை மூடிவிட்டு ஓடினாள். அப்புறம் கணினியைப் போட்டுப் பார்க்கவேயில்லை. நன்றாக இருப்பதைத் தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். காலை வரை அது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கள் காலை பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒன்பது நாற்பதுக்குச் சுவிட்சைப் போட்டாள். மூன்று முறை கூவியது.

அணைத்தாள், போட்டாள். மறுபடி மூன்று, விட்டு விட்டு நிற்காமல். மாயெட்டைக் கூப்பிட்டாள். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், யாரும் எடுக்கவில்லை. தகட்டைத் திறந்தாள். உள்ளே எது எதுவென்று கண்ணுக்கு எதுவுமே பிடிபடவில்லை. பயம் வந்துவிட்டால் அவள் மூளை அப்படித்தான், கண்ணெதிரே இருப்பது தெரியாது. அந்த நேரம் பார்த்து நெஸ்டோர் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே மணி ஆறு ஆகவில்லை, வேலைக்குப் பஸ் ஏறும் முன் எப்போதும் கூப்பிடுவான்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல குயா."

"ஒண்ணுமில்லாமயா கத்துது? நாலு வருஷமா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலதான் தரை தொடைக்கிறேன். உள்ள காட்டு."

காட்டினாள். நெஸ்டோர் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான்.

"அந்தக் கறுப்பு யாரோடது?"

"கடைல வாங்கினது."

"அது மட்டும் இருந்தப்போ ஓடுச்சா?"

ரோவெலின் அழ ஆரம்பித்தாள். "ஓடுச்சு."

"அப்போ என்னோடதக் கழட்டு."

"குயா, நான் சொல்லணும்னுதான்..."

"மணியப் பாரு. மொதல்ல வயரப் புடுங்கு. அப்புறம் என்னோடதக் கழட்டு."

போனை மேசையில் சாய்த்துவிட்டு வயரைப் பிடுங்கினாள். இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் தள்ளியதும் அண்ணனின் பச்சைப் பலகை கையோடு வந்தது. அதைக் காலுறைக்குள் வைத்தாள். ஒன்பது ஐம்பத்தாறுக்குச் சுவிட்சைப் போட்டாள். கூவல் ஒரு தடவை சின்னதாகக் கேட்டு நின்றது. திரையில் எழுத்து வந்தது. பதினாறு என்று வந்தது.

பத்து மணிக்கு அலுவலக ஆள் உள்ளே வந்து பார்த்தான், சரி என்று எழுதிவிட்டுப் போனான். ரோவெலின் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை அணைக்க அவள் மறந்துவிட்டாள். நெஸ்டோரும் அணைக்கவில்லை. அங்கே அவன் யாரிடமோ பேசுவது கேட்டது.

"ரோமெல், பெட்டிய ஒட்டிட்டியா? பிரி. அத வெளிய எடு."

"ஏன்டா, உன் தங்கச்சிக்கு ஓடுதுன்னு படம்லாம் காட்டினியே."

"ஓடல. ஓடலன்னு உன் பொண்டாட்டியும் உன்கிட்ட சொல்ல மாட்டா."

கொஞ்ச நேரம் கழித்து டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.