ஏழு ஒன்றுகள்

சிலமலையில் பிறந்து, போடியில் நான்காம் பாரம்வரை படித்தவன் கன்னையன். பஸ்சின் நம்பரானாலும் உரச்சாக்கின் எண்ணானாலும் அதை வகுத்துப் பார்த்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். ஐம்பத்து நான்காம் ஆண்டு ஐப்பசியில், போடிமெட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்கு அவன் பொறுப்பாக இருந்தான்.

அவனுடைய அண்ணன் மொக்கச்சாமி, நிலத்தைப் பாகம் பிரித்துத் தன் பங்கை விற்று, மெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காட்டைக் குத்தகைக்குப் பிடிக்கத் துடித்தார். கன்னையனுக்குப் பிரிய மனமில்லை. அம்மன் கோயிலில் இரண்டு பொட்டலத்தில் பூக்கட்டி வைத்து உத்தரவு கேட்டார்கள். பூசாரி பொட்டலத்தை மாற்றிவிட்டார் என்று அதிலும் சண்டை வந்தது.

“பூவு ஆளப் பாத்து வரும், கணக்கு அப்பிடி வராது” என்றார் மொக்கச்சாமி. “வீட்டுல ஏழு உருப்படி. ஏழு ஒண்ண வரிசையா நிப்பாட்டு. எதாலயாச்சும் வகுபட்டா பிரிப்போம். இல்லாட்டி நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்; ஆனால் ஆயிரத்து ஐம்பத்து நான்குவரை பார்க்க வேண்டும். அதற்கு மேற்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் இந்த எண்ணை மிஞ்சிவிடும். கன்னையன் கூடத்துப் பலகைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வகுத்தான். மூன்றில் தொடங்கி நூற்றுத் தொண்ணூற்றொன்பதுவரை எதுவும் மீதியின்றிப் போகவில்லை. அந்த மத்தியானம் அண்ணன் வந்து நின்றார்.

“வகுபடலண்ணே” என்றான் கன்னையன்.

மொக்கச்சாமி சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஒன் வாயால வந்தா சரிதான்ப்பு. காட்டுக்காரரு இன்னைக்குப் பொழுதடையத்தான் பொறுப்பாரு. வேற ஆளப் பாக்கச் சொல்லிவிட்டுர்றேன்.”

அவர் போன பிறகு கன்னையனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளினான். வாசல்வரை போய்த் திரும்பினான். மறுபடி கரியை எடுத்தான். இருநூற்றுப் பதினொன்று, இருநூற்று இருபத்து மூன்று என்று ஏறி, இருநூற்று முப்பத்தொன்பதுக்கு வந்தபோது மீதி நிற்கவில்லை. ஈவு நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. திருப்பிப் பெருக்கினான். ஏழு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன.

“அண்ணே, காய் கருகுது! செவுத்தோட என்ன சோலி?” என்று கத்தினாள் காய் கிளறும் சந்திரவல்லி.

“நீ பாத்துக்க ஆத்தா!” என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

மெட்டில் போடிக்கு இறங்கும் ஜீப்பில் அண்ணன் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“எறங்குண்ணே. வகுபட்டுருச்சு.”

“எதால?”

“எரநூத்து முப்பத்தொம்பதால.”

“மத்தியானம் அது எங்கடா போயிருந்துச்சு?”

“அது அங்கனதான் இருந்துச்சு. நாந்தான் அதுவரைக்கும் போகல.”

மொக்கச்சாமி குதித்து இறங்கினார். “மேல போற வண்டிய மறி. ஆளவிட்டுச் சொல்லியாச்சு, காட்டுக்காரருகிட்ட வந்து இத நீயே சொல்லு.”

வண்டி கிடைத்தது. கன்னையன் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்து நின்றபடி, ஒவ்வொரு வளைவிலும் “இன்னும் வெரசாப் போகச் சொல்லுண்ணே” என்று அண்ணனை நச்சரித்துக்கொண்டே போனான்.