புரட்டாசியில் வைத்த விருந்து

செந்தூல் மண்டபத்தின் சுவரோரம் வெள்ளைத் துணி போர்த்திய நீளமான மேசை. அதன்மேல் எவர்சில்வர் சட்டிகள் வரிசையாக இருந்தன. அடியில் சிறு டின்களில் நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா கடைசிச் சட்டியின் மூடியைத் தூக்கினார். சோம்பு மணத்தோடு ஆவி எழுந்தது. உள்ளே சோயாவில் செய்த சைவ மட்டன் பிரட்டல். எண்ணெய் மேலே பிரிந்து, கறிவேப்பிலை கறுத்து, கரண்டி பட்ட தடமே இல்லாமல் கிடந்தது. விருந்து தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. பெரியம்மா மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார். அதில் படிந்திருந்த நீர் அவருடைய பட்டுச்சேலையில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அக்காவும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை வளர்த்தவர் பெரியம்மா. நான் பாலர் பள்ளிக்குப் போகும் வயதில் என் அம்மா இறந்துவிட்டார். அப்பா ஜொகூர்ப் பக்கம் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். அம்மாவின் அக்காவான பெரியம்மாதான் என்னைச் செந்தூலில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவரும் கணவரை இழந்தவர். ஒரு பள்ளியில் துப்புரவு வேலை செய்தார். அக்கா என்று நான் சொல்வது அவருடைய ஒரே மகளை. பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு அக்கா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். தொழிற்சாலை பஸ் எங்கள் கட்டடத்தின் கீழே வந்து நிற்கும். நீலச் சட்டையும் தொங்கும் அடையாள அட்டையுமாக அவள் படியிறங்கிப் போவது என் பள்ளி நாட்களின் அன்றாடக் காட்சி. சம்பளத்தில் தன் கைச்செலவு போக மீதியை அம்மாவிடம் கொடுப்பாள். அது அவளுடைய கல்யாணத்துக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளும் மறைக்கமாட்டாள். தோழிகளின் கல்யாண விருந்துக்குப் போய்வந்து, மேடை எப்படி இருந்தது, என்ன சாப்பாடு போட்டார்கள் என்றெல்லாம் பாயில் படுத்தபடி என்னிடம் சொல்வாள். தன்னுடையது எப்படி இருக்கவேண்டும் என்றும் சொல்வாள்.

எங்கள் குடும்பத்தில் படிவம் ஐந்துக்கு மேலே படித்தவர் யாரும் இல்லை. நான் படித்தேன். நன்றாகவே படித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நான் கேட்ட கணக்கியல் படிப்பு கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைந்த புள்ளிகள் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மிச்சமிருந்த வழி தனியார் கல்லூரி. கல்விக் கடன், சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். சேருவதற்கே முன்பணம் கட்டவேண்டும். அதே வருடத்தில்தான் அக்காவுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை அமைந்தது. கோயில் சடங்கை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்வது, மாலை விருந்து எங்கள் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள்.

இந்த ஊரில் கல்யாண விருந்தை ஆட்டிறைச்சியை வைத்துத்தான் அளப்பார்கள். மண்டபம் எப்படி இருந்தாலும், பாட்டுக்காரர் எப்படிப் பாடினாலும், மறுநாள் பேச்சு மட்டனைப் பற்றித்தான் இருக்கும். செலவிலும் பாதியை அதுவே தின்றுவிடும். பெரியம்மா பல நாள் யோசித்தார். பள்ளியில் வகுப்பறைகளைக் கூட்டிக்கொண்டே யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒருநாள் வேலைவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே, தாலி கட்டுவதை ஆவணிக் கடைசியில் வைத்துக்கொள்வோம், விருந்தைப் புரட்டாசிச் சனிக்கிழமையில் வைப்போம் என்றார். புரட்டாசியில் எங்கள் மக்கள் பாதிப்பேர் கறி தொடமாட்டார்கள். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். சைவம் போட்டால் யாரும் குறைசொல்ல முடியாது. அந்த மாதத்தில் கல்யாணங்கள் குறைவு என்பதால் மண்டப வாடகையும் இறங்கியிருக்கும்.

அவருடன் சமையல் ஏற்பாட்டாளரைப் பார்க்கப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“டின்னர்னு சொல்லிட்டு மட்டன் இல்லாம எப்படிலா அக்கா? ஆளுங்க என்னையதான் ஏசுவாங்க.”

“புரட்டாசி சனிலா தம்பி. மட்டன் போட்டாத்தான் ஏசுவாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “மூளைக்கா உங்களுக்கு.”

மாப்பிள்ளையின் அம்மாவிடம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. “எங்க பக்கம் எல்லாம் துறைமுகத்துல வேலை செய்ற ஆளுங்க சம்பந்தி. சாம்பார ஊத்தினா மூஞ்சியப் பாப்பாங்க” என்றார். பெரியம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் பெருமாள் மாதத்தில் சைவ விருந்து வைப்பதாக வேண்டிக்கொண்டேன் என்றார். கைகூப்பிக் கண்ணையும் மூடிக்கொண்டார். அப்படி ஒரு வேண்டுதல் இல்லை என்பது எனக்குத் தெரியும். சாமியின் பேரைச் சொன்ன பிறகு அந்த அம்மா ஒப்புக்கொண்டார்.

அக்காவிடம் கடைசியாகத்தான் சொன்னார். அவள் காலை ஷிஃப்ட் முடித்து வந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். கறிக்கு ஆகும் பணம் எவ்வளவு, அது எங்கே போகிறது என்பது வரை சொன்னார்.

“அது என் காசும்மா.”

“உன் காசுதான். உன் தங்கச்சிக்குத்தானே போகுது.”

“நான் ஒரு தடவதான்மா கல்யாணம் பண்ணுவேன்.”

“அவளும் ஒரு தடவதான் காலேஜ்ல சேருவா.”

அக்கா சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து, விரலில் சுற்றி, உருண்டையாக்கினாள். பிறகு “சரி, செய்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாமே என்று இதைக் கேட்ட சிலர் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. எனக்குப் படிப்பு வேண்டும். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன்.

விருந்தன்று மண்டபம் நிறைந்துதான் இருந்தது. பெரியம்மா கணக்குப்போட்டதில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போயிருந்தது. உண்மையாக விரதம் இருப்பவர்கள் மதியமே வீட்டில் படையல் போட்டு ஒருவேளைச் சோற்றை முடித்துவிடுவார்கள். மாலையில் வெளியிடத்தில் கைநனைக்கமாட்டார்கள். எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த ஒரு பெண்மணி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “கோச்சிக்காதீங்கக்கா. மத்த நாள்ல கறி சமைக்கிற சட்டிதானே இதெல்லாம். இந்த மாசம் மட்டும் வேணாங்கா.” அவரும் அவரைப்போன்றவர்களும் ரோஸ் சிரப்பைக் குடித்தார்கள், கேசரியில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார்கள், மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு மொய் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். விரதம் இல்லாதவர்கள் கறியை எதிர்பார்த்து வந்தவர்கள். அவர்கள் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள். விரதக்காரர்களுக்கும் அந்தச் சாப்பாடு ஆகவில்லை, கறிக்காரர்களுக்கும் ஆகவில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா சைவ மட்டன் துண்டு ஒன்றை முள்கரண்டியில் குத்தித் தூக்கிப் பிடித்தார்.

“என்னடா இது, எலும்பே இல்லாத ஆடு?”

“ஆடும் விரதம் இருந்து எளச்சிடுச்சி போல” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மேசை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாகூடச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த மேசையில் இருந்தவர்கள் எழுந்து, எதிர்ச்சாரியில் இருந்த ஒட்டுக்கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பல்குத்திக்கொண்டே திரும்பி வந்தார்கள். பெரியம்மா கையில் கரண்டியோடு மேசை மேசையாகப் போனார். “உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க, எம் பொண்ணு கல்யாணம்” என்றார். முதலில் சிரித்த முகமாகச் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, சொல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேடை விளக்கின் வெளிச்சத்தில் அக்காவின் முகத்தில் பூசியிருந்ததெல்லாம் வியர்வையில் கோடு போட்டது. மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகச் சொன்னோம். வழக்கமாகப் போட்டி போட்டுக் கட்டுகிறவர்கள்கூட அன்று வேண்டாம் என்றார்கள். திங்கட்கிழமை நான் கல்லூரிக்குப் போனேன். அக்கா கிள்ளானுக்குப் போனாள்.

“பொய்க்கறி வீட்டுப் பொண்ணு” என்று அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் வந்தது. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னார்கள். உறவினர் வீட்டு விருந்துக்குப் போகும்போது காரிலேயே யாராவது ஆரம்பிப்பார்கள்: “இங்க நெஜ ஆடாம், பயப்படாம சாப்பிடு.” அத்தான் நல்லவர். ஆனால் அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அக்கா யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிள்ளை பிறந்த பிறகு அதுவும் நின்றது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரியம்மா ஆட்டிறைச்சி வாங்கிப் பிரட்டல் செய்து, அடுக்குப் பாத்திரத்தில் வைத்துத் துணியால் கட்டி, செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறுவார். கே.எல். சென்ட்ரலில் இறங்கி கிள்ளான் ரயிலுக்கு மாறவேண்டும். பாத்திரம் ஆடாமல் இருக்க மடியிலேயே வைத்திருப்பார். சில முறை நானும் கூடப் போயிருக்கிறேன். அக்கா வாசலுக்கு வந்து, “வாம்மா” என்று சொல்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள். காப்பி கொடுப்பாள். நாங்கள் இருக்கும்வரை அந்தக் கட்டு அவிழாது. திரும்பி வரும்போது ரயிலில் பெரியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “உப்பு கொஞ்சம் கூடிப்போச்சோ?” என்று கேட்பார். இல்லை என்பேன். என் பட்டமளிப்பு விழாவுக்கு அக்காவின் விருந்தில் உடுத்திய சேலையைத்தான் உடுத்தி வந்தார். படங்களிலெல்லாம் சிரித்தார். “உன் அக்காவுக்கு ஒண்ணு அனுப்பு” என்றார். அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

பெரியம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் அக்கா வந்து பார்த்தாள். ஒழுங்காகச் செய்தாள், துடைத்தாள், மருந்து கொடுத்தாள். அவர் போன பிறகு செய்யவேண்டிய காரியங்களிலும் குறை வைக்கவில்லை. தாயும் மகளும் அந்த விருந்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறையில் இருந்து நான் காத்திருந்தேன்.

இப்போது எனக்குக் கல்யாணம். என் சம்பளத்தில், யாரிடமும் கைநீட்டாமல், பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் எடுத்திருக்கிறேன். போன வாரம் அழைப்பிதழ் கொடுக்கக் கிள்ளானுக்குப் போனேன். வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள். நரைக்கத் தொடங்கியிருக்கிறாள். அழைப்பிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கார்டு அழகா இருக்கு. மட்டன் போடுறியா?”

“போடுறேன்க்கா.”

“நல்லது. நெறைய போடு. எல்லாரும் வயிறு நெறய சாப்பிடட்டும்.” அழைப்பிதழை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் காலையிலேயே வந்துடுறேன். அம்மா எடத்துல நின்னு எல்லாத்தையும் செய்றேன். சாப்பிட மட்டும் என்னைக் கூப்பிடாத.”

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது குடை எடுத்துக்கொள் என்பதுபோலச் சொன்னாள். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் எதற்காகக் கேட்பது? படித்ததற்காகவா? சரிக்கா என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

“இரு, வெறும் வயித்தோட போகாத. மீன்குழம்பு இருக்கு.”

தட்டு வைத்துச் சோறு போட்டாள். தான் உட்காராமல் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போடுங்கக்கா என்று தட்டை நீட்டினேன்.