அவள் ஏறினால் நிற்கும் வண்டி

முடிச்சூரிலிருந்து கீழ்க்கட்டளைக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டும். மனைவிக்கு டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குள் போகாவிட்டால் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை தவறினால் மறுநாளே அவளுக்கு மூச்சு வாங்கும். ஒரு விபத்துக்குப் பிறகு என் இடது காலில் கம்பி இருக்கிறது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் கிளட்ச் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். கால் டாக்சிக்காரன் எங்கள் தெருப் பள்ளத்தைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிடுவான். இந்த வண்டியை விட்டால் எங்களுக்கு நாதி இல்லை.

அந்த வண்டி நடுரோட்டில் மூன்றாம் கியரில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் எருமை மாதிரி ஊரும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சில நாள் சரியாகும். சில நாள் ஆகாது.

பெருங்களத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் ஒரு ரவுண்டு போய் வருவார். அங்கே அதுதான் வழக்கம்.

“இன்னா சார், வண்டி சும்மா ஜம்முனு போவுது. நீதான் பேஜாரு பண்ற.”

கோளாறு காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டினால் ஒரு நாள் ஒரு சென்சாரைக் காட்டும், இன்னொரு நாள் வேறொன்றை. இரண்டையும் மாற்றினோம். மறுநாளே மாட்டிக்கொண்டது.

மழை பெய்த ஒரு காலையில் தாம்பரம் மேம்பால ஏற்றத்தில் திணறி நின்றேவிட்டது. மணி ஏழு தாண்டிவிட்டது. பின்னால் ஹாரன். ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

“நீ ஏறினாத்தான் இது மக்கர் பண்ணுது. நான் தனியா போனா ஒழுங்கா போகுது, சனியன்!”

வண்டியைத்தான் சனியன் என்றேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கை போய்விட்டது. மறுநாள் மாலைதான் கிடைத்தது. அதுவரை படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். அந்தத் தவிப்பிலும் என்னிடம் சொன்னாள்:

“ஏங்க, நான் ஏறினாத்தானே நிக்குது? என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

டயாலிசிஸ் முடிந்த அடுத்த நாள் போனோம். மெக்கானிக் ஓட்டினார். அவள் முன்சீட்டில், நான் பின்னால். பஸ் ஒன்று குறுக்கே வந்தது. அவள் எப்போதும் போல, பிரேக் தன்னிடம் இருப்பதாக நினைத்து இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி மூன்றாம் கியரில் மாட்டியது.

அவர் ஓரம் கட்டி, அணைத்துப் போட்டார். “அக்கா, இன்னொரு வாட்டி மிதி.”

மிதித்தாள். மாட்டியது.

கார்ப்பெட்டைப் பிய்த்தார். அவள் கால் படும் இடத்துக்கு நேர் கீழே, கியர் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர் கனெக்டர். பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்து, சுற்றிலும் காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. விற்றவன் “தண்ணியே படாத வண்டி சார்” என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். நானும் பானெட்டைத் திறந்து பார்த்தேன், கால்மிதியைத் தூக்கிப் பார்க்கவில்லை. மடையன்.

“கிளீன் பண்ணிக் குடுக்கறேன் சார். ஆனா ஒயரு உள்ளாரவே அரிச்சுகீது. எத்தினி நாள் தாங்கும்னு தெரியாது. அக்காவைப் பின்னாடி குந்த வையி.”

இப்போது அவள் பின்சீட்டில், வீங்கிய கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாள். நேற்று பல்லாவரம் அருகே லாரிக்காக நான் திடீரென்று பிரேக் போட்டேன்.

“நான் மிதிக்கலைங்க” என்றாள்.

நான் எதுவும் கேட்கவே இல்லை.